வெண்துணியும் வண்ணமும்: ஸ்லைடு அழகு பற்றிய ஒரு மெய்யியல் விசாரணை

பெங்களூருவின் எலக்ட்ரானிக் சிட்டியிலும் ஒயிட்ஃபீல்டிலும் உள்ள மென்பொருள் நிறுவனங்களில், ஒரு திட்டம் ஏற்கப்படுவதும் அதற்கு நிதி ஒதுக்கப்படுவதும் பெரும்பாலும் ஒரு ஸ்லைடு தொகுப்பின் முன்னால்தான் தீர்மானமாகின்றன. கல்லூரி வகுப்பறைகளும் ஆய்வுக்கூடங்களும் இந்த வழிக்கு வந்து நெடுநாள் ஆகிவிட்டது. தேவாலயங்களில் ஞாயிறு ஆராதனையின்போது பாடல் வரிகள் திரையில் ஒளிர்கின்றன. கீதை வகுப்புகளில் சுலோகமும் அதன் பொருளும் ஓவியப் பின்னணியோடு காட்டப்படுகின்றன. வணிகம், அறிவியல், சமயம் ஆகிய மூன்றும் ஒரே கருவியை ஏற்றுக்கொண்டுவிட்ட இந்நகரில், பழைய மெய்யியல் கேள்வி ஒன்று புதிய வடிவில் மீண்டும் எழுகிறது. ஒரு கருத்தை அழகுபடுத்திக் காட்டுவது அதன் உண்மைக்குத் துணை செய்கிறதா, அல்லது அழகே திரையாகி உண்மையை மறைக்கிறதா என்பதே அது.

ஸ்லைடு என்பது எழுத்து, படம், வரைபடம் ஆகியவற்றைத் தாங்கித் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒரு சட்டகம். டெம்ப்ளேட் அல்லது வார்ப்புரு என்பது தலைப்பு எங்கே நிற்க வேண்டும், எழுத்துரு எது, வண்ணங்கள் எவை, படத்துக்கு எவ்வளவு இடம் என்பவற்றை உள்ளடக்கம் வருவதற்கு முன்பே முடிவுசெய்து வைத்திருக்கும் ஆயத்த அமைப்பு. ராபர்ட் கேஸ்கின்ஸ், டென்னிஸ் ஆஸ்டின் ஆகியோரின் உழைப்பில் உருவான பவர்பாயின்ட் மென்பொருளை ஃபோர்தாட் என்ற சிறு நிறுவனம் 1987 ஏப்ரலில் மெக்கின்டாஷ் கணினிக்காக வெளியிட்டது. மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை அதே ஆண்டில் 1.4 கோடி டாலருக்கு வாங்கியது. அதன்பின் இந்தச் சட்டகம் உலகெங்கும் அலுவலகச் சிந்தனையின் பொது வடிவமாகவே ஆகிவிட்டது.

அலங்காரத்தைப் பற்றி மரபில் இரண்டு நிலைப்பாடுகள் உண்டு. முதலாவது ஐயுறவு நிலை. பிளேட்டோ தம் கார்கியாஸ் உரையாடலில், உடற்பயிற்சி தரும் உண்மையான உடல்நலத்துக்கும் ஒப்பனை தரும் போலி நலத்துக்கும் இடையே வேறுபாடு காட்டி, நீதியை நாடாத சொல்வன்மையை ஒப்பனையின் வரிசையிலேயே வைக்கிறார். இரண்டாவது ஏற்பு நிலை. 13ஆம் நூற்றாண்டில், கங்கர் மரபினனான சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளை ஏற்றுப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எவ்வளவு சிறந்த நூலுக்கும் பாயிரம் இன்றியமையாதது என்று வற்புறுத்தும் இடத்தில், மாளிகைக்கு ஓவியத்தையும் பெருநகருக்குக் கோபுரத்தையும் உவமையாகக் கொள்கிறது. அந்தக் கங்கர் மரபின் தொல்பதி, பெங்களூருவின் கிழக்கே உள்ள கோலார். ஆகவே அழகை இழிவாகக் கருதாத ஒரு தமிழ் இலக்கணச் சிந்தனை இந்நிலப்பகுதிக்கு அயலானதன்று. ஆயினும் அதே நன்னூல், நூலின் குற்றங்களையும் அழகுகளையும் பத்துப் பத்தாக வகுக்கும்போது, தேவையானதைக் குறைத்துச் சொல்லும் குன்றக் கூறலையும், தேவைக்கு மேல் சொல்லும் மிகைபடக் கூறலையும், பொருளின்றிச் சொற்களை அடுக்கும் வெற்றெனத் தொடுத்தலையும் குற்றங்களாகவே தள்ளுகிறது. சுருக்கமும் தெளிவும் அழகு என்று கொள்ளும் இலக்கணம், சுருக்கத்தால் பொருள் குன்றுவதைக் குற்றம் என்றும் சேர்த்தே சொல்கிறது என்பது கருதத்தக்கது.

இவ்விரு நிலைப்பாடுகளில் முதலாவதை மட்டும் ஏற்றுக்கொண்டு, அலங்காரத்தை நீக்கிவிட்டால் உண்மை தானே வெளிப்படும் என்று எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் தவறானது என்பதற்கு 2003ஆம் ஆண்டின் கொலம்பியா விண்ணோட விபத்து வலுவான சான்றாக நிற்கிறது. அவ்வாண்டு ஜனவரி 16 அன்று விண்ணோடம் புறப்பட்டபோது, வெளித் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைப்பொருள் துண்டு ஒன்று அதன் இடது இறக்கையைத் தாக்கியது. அதனால் ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் ஆராய்ந்து, தங்கள் முடிவுகளை ஸ்லைடுகளாக அளித்தனர். அவற்றுள் ஒன்று பின்னாளில் பெரிதும் விவாதிக்கப்பட்டது. கண்ணைக் கவரும் படமோ பகட்டான வண்ணமோ இல்லாத, வெறும் புல்லட் வரிகளாலான ஸ்லைடு அது. சோதனைத் தரவுகள் அச்சத்துக்கு இடமளிக்கவில்லை என்ற தொனியில் அதன் தலைப்பு அமைந்திருந்தது. சோதனையில் பயன்பட்ட துண்டின் கன அளவு 3 கன அங்குலம், உண்மையில் மோதியதாகக் கணிக்கப்பட்ட துண்டின் அளவோ 1920 கன அங்குலம் என்ற செய்தி, அதாவது 640 மடங்கு வேறுபாடு, அதே ஸ்லைடின் அடியில், உட்பிரிவுக்கு உட்பிரிவாகத் தாழ்ந்த கடைசி வரியில் கிடந்தது. பிப்ரவரி 1 அன்று விண்ணோடம் சிதைந்தது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் இறந்தனர். பெங்களூருவில் தலைமையகம் கொண்ட இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2002 செப்டம்பரில் ஏவியிருந்த வானிலைச் செயற்கைக்கோளுக்கு, விபத்து நடந்த சில நாட்களில் கல்பனா-1 என்று பெயர் சூட்டப்பட்டது.

எட்வர்ட் டஃப்டி என்னும் தகவல் வடிவமைப்பு அறிஞர் இந்த ஸ்லைடை வரிவரியாக ஆராய்ந்தார். விபத்து விசாரணைக் குழுவும் 2003 ஆகஸ்டில் வெளியிட்ட தன் அறிக்கையில், தொழில்நுட்பக் கட்டுரைகளுக்குப் பதிலாக ஸ்லைடுகளையே சார்ந்திருக்கும் வழக்கத்தைக் கண்டித்தது. இதிலிருந்து பெறப்படும் மெய்யியல் பாடம் நுட்பமானது. அந்த ஸ்லைடில் பொய் இல்லை. எண் எழுதப்பட்டுத்தான் இருந்தது. உயிரைக் காக்கத்தக்க செய்திக்கு உரிய இடத்தை அதன் அமைப்பு மறுத்ததுதான் அதன் குற்றம். எனவே எளிமை தன்னளவில் உண்மையாகிவிடுவதில்லை. ஒவ்வொரு செய்திக்கும் அதன் எடைக்குத் தக்க இடம் அளிக்கப்பட்டிருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இவ்விடத்தில், கர்நாடகத்தின் சிருங்கேரி மடத்துக்கு 14ஆம் நூற்றாண்டில் தலைமை தாங்கிய வித்யாரண்யரின் பெயரில் வழங்கும் பஞ்சதசி என்னும் அத்வைத நூல் பெரிதும் உதவுகிறது. 15 பகுதிகள் கொண்ட அந்நூலின் ஆறாம் பகுதிக்குச் சித்ரதீபம் என்று பெயர். துணியில் ஓவியம் உருவாகும் முறையைக் கொண்டு அது பரம்பொருளின் நிலைகளை விளக்குகிறது. துணி முதலில் வெளுக்கப்படுகிறது. அடுத்துக் கஞ்சிப் பசை பூசி விறைப்பாக்கப்படுகிறது. மூன்றாவதாக மையால் கோட்டுருவம் வரையப்படுகிறது. நான்காவதாகவே வண்ணம் தீட்டப்படுகிறது. வெளுத்த துணி, எதனோடும் கலவாத தூய அறிவான பிரம்மத்துக்கு ஒப்பாகும். பசையேறிய துணி, மாயையோடு கூடி உள்நின்று இயக்கும் ஈசுவரனுக்கும், கோட்டுருவம் நுண்ணுடல்களின் தொகுதியான சூத்ராத்மாவுக்கும், வண்ணம் நிறைந்த படம் பருவுலக வடிவான விராட்டுக்கும் ஒப்பாகும். அந்நூல் மேலும் ஒரு நுட்பத்தைக் கவனிக்கிறது. ஓவியத்தில் உள்ள மாந்தர் உடுத்தியிருக்கும் ஆடைகளும் துணி போலவே தோன்றுகின்றன. ஆனால் அவை வண்ணத்தால் கற்பிக்கப்பட்ட துணிகளே. உண்மையான துணி, அவர்கள் அனைவரையும் தாங்கும் அந்த ஒன்றுதான். தோற்றத்தில் வரும் துணியைத் தாங்கும் துணியாக மயங்குவதே அறியாமை என்பது இதன் உட்கருத்து.

வண்ணத்தை வித்யாரண்யர் பழிக்கவில்லை. அதை நான்காம் நிலையில் வைக்கிறார். காமசூத்திரத்துக்கு யசோதரர் எழுதிய உரையில் காணப்படும் ஓவியத்தின் ஆறு உறுப்புகளும் இதே வரிசையை நினைவூட்டுகின்றன. உருவங்களை வேறுபடுத்தி அறிதலான ரூபபேதமும், அளவு என்னும் பிரமாணமும், உள்ளத்து உணர்வான பாவமும், எழிலைக் கூட்டும் லாவண்ய யோஜனையும், ஒப்புமையான சாதிருசியமும் முன்னே வர, வண்ணங்களைக் கையாளும் வர்ணிகாபங்கம் இறுதியில் வருகிறது. இன்றைய டெம்ப்ளேட் பயன்பாடு இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறது. மென்பொருளைத் திறந்தவுடன் வண்ணம் தீட்டிய பின்னணிதான் முதலில் கிடைக்கிறது. அதற்கேற்ற படம் அடுத்துத் தேடப்படுகிறது. டெம்ப்ளேட்டில் உள்ள மூன்று பெட்டிகளை நிரப்புவதற்காக மூன்று கருத்துகள் பிறகு கண்டுபிடிக்கப்படுகின்றன. சொல்ல வந்தது என்ன என்ற முதற்கேள்வி கடைசியில் எழுந்தால் உண்டு, எழாமலும் போகலாம். ஸ்லைடின் குறை அழகு மிகுதியாக இருப்பதில் இல்லை. அழகு முறைமாறி முந்தி வந்துவிடுவதிலேயே இருக்கிறது.

முன்வகுத்த அமைப்பே தீது என்று இதிலிருந்து முடிவுசெய்துவிடக் கூடாது. சமயக் கலை முழுவதும் முன்வகுத்த அளவுகளின் மேல்தான் நிற்கிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் செப்புத்திருமேனி வார்க்கும்போது, செய்யவிருக்கும் உருவத்தின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, தாளமானம் என்னும் அளவுமுறைப்படி அதை மடித்து, முகம், மார்பு, இடை, முழங்கால் எங்கெங்கே அமைய வேண்டும் என்பதை அம்மடிப்புகளால் குறித்துக்கொள்கிறார்கள். பிறகே மெழுகில் உருவம் எழுகிறது. முதன்மைத் தெய்வங்களுக்கு உரிய உத்தம தசதாளம் உருவத்தின் உயரத்தை 124 அங்குலங்களாகப் பகுக்கிறது. இந்த அங்குலம் அவ்வுருவத்தின் உயரத்திலிருந்தே பெறப்படும் ஒப்பளவு என்பதால், சிறிய திருமேனிக்குச் சிறிதாகவும் பெரியதற்குப் பெரிதாகவும் அமைகிறது. தியான சுலோகம் தெய்வத்தின் கைகளையும் கருவிகளையும் நிறத்தையும் விதிக்கிறது. அதை உள்ளத்தில் நிறுத்திய பின்னரே சிற்பி உளியை எடுக்க வேண்டும் என்பது மரபு. இங்கே அளவு பொருளிலிருந்து பிறக்கிறது. சந்தையில் கிடைக்கும் டெம்ப்ளேட்டிலோ அளவு முன்பே உறைந்திருக்க, பொருள் அதற்கேற்ப வெட்டப்படுகிறது.

இவ்வேறுபாடு வெறும் கொள்கையளவில் நின்றுவிடுவதில்லை. லத்தீன் எழுத்தை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட டெம்ப்ளேட்டில் தமிழை இட்டால், நீண்ட கூட்டுச்சொற்கள் தலைப்புப் பெட்டியை மீறி இரண்டாம் வரிக்கு வழிகின்றன; வரிகளை நெருக்கினால் மேல்வளையும் இகரக் குறிகள் முந்தைய வரியோடு மோதுகின்றன. கன்னடத்தில் எழுத்தின் கீழே தொங்கும் ஒத்தெழுத்துகளுக்கும் இதே இடர் நேர்கிறது. இரு மொழிகளும் அருகருகே வாழும் பெங்களூருவில், பெட்டிக்குப் பொருந்தவில்லை என்பதற்காகவே ஒரு கருத்து சுருக்கப்படுவதும், தாய்மொழியே கைவிடப்படுவதும் நேரக்கூடும். படங்களும் இதற்கு விலக்கல்ல. 4:3 விகிதத்தில் எடுத்த ஒளிப்படத்தை 16:9 சட்டகத்தை நிரப்புவதற்காகப் பக்கவாட்டில் இழுத்தால், அதில் உள்ள மனிதரின் முகம் அகன்றுவிடுகிறது; விளிம்பை வெட்டினால், அருகில் நின்றவர் இல்லாமலே போய்விடுகிறார். வரைபடத்தின் செங்குத்து அச்சைச் சுழியத்திலிருந்து தொடங்காமல் இடையில் தொடங்கினால், சிறு வேறுபாடு மலையளவு தோன்றுகிறது. இவையெல்லாம் சில நொடிகளில் முடியும் செயல்கள் என்பதால் அறத்தின் எல்லைக்கு வெளியே உள்ளவை என்று கருதப்படுகின்றன. ஆனால் பிரமாணமும் சாதிருசியமும் பிறழும் இடத்தில், காண்போரின் நம்பிக்கை அவர்கள் அறியாமலே மீறப்படுகிறது.

காட்சி தன் பணியை எவ்வாறு முடித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் வேதாந்தம் ஆராய்ந்திருக்கிறது. அருந்ததி என்னும் மங்கலான விண்மீனைக் காட்டுவோர் முதலில் அதன் அருகில் உள்ள ஒளிமிக்க விண்மீனையே அருந்ததி என்று சுட்டி, பார்வை அங்கே நிலைத்ததும் அதை விலக்கி உண்மையான அருந்ததியைக் காட்டுவர். இதைச் சங்கரர் தம் பிரம்மசூத்திர உரையில் எடுத்தாள்கிறார். தமிழில் கைவல்ய நவநீதம் வழியாக அறியப்படும் ஆரோபம், அபவாதம் என்னும் இணையும் இதையே முறைப்படுத்துகிறது. கற்பிப்பதற்காக ஒன்றை ஏற்றிச் சொல்வது ஆரோபம்; கற்பவர் தெளிந்ததும் ஏற்றியதை நீக்குவது அபவாதம். விநாயகர் சதுர்த்திக்குப் பின் அல்சூர் ஏரியிலும் சாங்கி ஏரியிலும் கரைக்கப்படும் களிமண் பிள்ளையார் வழிபாட்டிலும் இவ்விரு அசைவுகள் உண்டு. ஆவாகனத்தால் உருவில் எழுந்தருளச் செய்யப்பட்ட தெய்வம், விசர்ஜனத்தால் உருவிலிருந்து விடைபெறுகிறது. உருவம் தேவைப்பட்டது, அதற்கு அழகும் செய்யப்பட்டது, பணி முடிந்ததும் அது கைவிடப்பட்டது. நல்ல ஸ்லைடுக்கு உரிய இலக்கணமும் இதுவே. பார்வையை ஈர்ப்பது அதன் முதற்பணி என்றால், ஈர்த்த பார்வையைப் பொருளிடம் ஒப்படைத்துவிட்டு விலகுவது அதன் முடிவான பணி.

வடிவமைப்புப் பயிற்சி பெறாத ஆசிரியருக்கும், முதன்முறையாக அவையில் பேசும் மாணவிக்கும், டெம்ப்ளேட் ஒரு துணை அல்லவா என்று கேட்கலாம். துணைதான், அதை மறுப்பது நேர்மையாகாது. படிக்கத்தக்க எழுத்தளவும், நிறக்குருடு உள்ளவருக்கும் வேறுபாடு புலப்படும் வண்ணத் தேர்வும், போதிய வெற்றிடமும் ஒரு நல்ல வார்ப்புருவில் முன்பே அமைந்திருப்பது கேட்போர் மேல் காட்டும் கருணையே ஆகும். அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த திருக்குறள் மரபில் வந்தோருக்கு, கேட்போரின் நிலையறிந்து பேசுவது அறத்தின் பகுதி என்பதைப் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனினும் துணை வழிகாட்டியாகவே நிற்க வேண்டும். என்ன சொல்வது என்பதை அதுவே தீர்மானிக்கும் நிலை வந்துவிட்டால், பேசுபவர் தம் சிந்தனையை முன்பின் அறியாத ஒருவரின் சட்டகத்துக்கு ஒப்புக்கொடுத்தவராகிறார்.

ஆகவே அழகு உண்மைக்குப் பகையன்று. உண்மைக்குப் பின்னே வரக் கடமைப்பட்டது என்பதே முடிவு. அவையின் முன் ஸ்லைடோடு நிற்கப்போகும் ஒவ்வொருவரும், மென்பொருளைத் திறப்பதற்கு முன் தாம் சொல்ல வந்ததை முழு வாக்கியங்களில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பார்க்கட்டும். எது முதன்மையானது, எது அஞ்சத்தக்கது, எது இன்னும் உறுதியாகாதது என்று அதில் பிரித்துக் குறிக்கட்டும். அதன்பின் அவற்றின் எடைக்கேற்ற சட்டகத்தையும் படத்தையும் வண்ணத்தையும் தேடட்டும். அலுவலகக் கூட்டமாயினும் வழிபாட்டுக் கூடமாயினும், திரையின் முன் அமர்ந்திருப்போர் தம் நம்பிக்கையைப் பேசுபவரிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அதைக் காப்பது பேசுபவரின் கடமை.