யார் செய்த பாவம்?

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும் சீடர்கள் கேட்கும் முதல் கேள்வி, இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்பதுதான் (யோவான் 9). எங்கள் பொள்ளாச்சிப் பக்கத்தில் இந்தக் கேள்வியைச் சுருக்கித் தாயிடம் மட்டும் கேட்பார்கள். என் பெரியம்மா மகளுக்குப் பிறக்கும்போதே கண்ணில் புரை. "கெரகணத்தன்னைக்கு வெளிய வந்தியா அம்மிணி?" என்று பெரியம்மாவைக் கேட்காத உறவில்லை. பெரியப்பாவை யாரும் எதுவும் கேட்கவில்லை.

இயேசுவின் பதில்: இருவருமே இல்லை. மண்ணைக் குழைத்துக் கண்ணில் பூசுவதும், சீலோவாம் குளத்தில் கழுவுவதும் அதற்குப் பிறகுதான். பார்வை வருமுன்பே பழி நீங்கிவிடுகிறது. எனக்கு அதுவே பெரிய சுகமளித்தல். கண் திறக்காமலே போயிருந்தாலும் அந்தப் பதில் நிற்கும்.

ஆனால் அதே அதிகாரம் முடியும்போது, பார்வையின்மை பரிசேயரின் பிடிவாதத்துக்கு உருவகமாகிறது. பாவமல்ல என்று விடுவிக்கப்பட்ட உடல்நிலையே பாவத்தின் பெயராகிவிடுகிறது. பழைய மொழிபெயர்ப்பின் 'குருடன்' 1995இல் வந்த திருவிவிலியத்தில் 'பார்வையற்றவர்' ஆனார். உருவகம் அப்படியே இருக்கிறது. 'குருட்டு நம்பிக்கை' என்று நாமும் கூசாமல் எழுதுகிறோம்.

விசாரணைக்கு அழைக்கப்படும் பெற்றோர், "அவனுக்கு வயதாகிவிட்டது, அவனையே கேளுங்கள்" என்ற பொருளில் சொல்லி ஒதுங்குகிறார்கள். கோழைத்தனம் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். காலமெல்லாம் "யார் பாவம்" என்று கேட்கப்பட்ட ஒரு தாய், மகன் பார்வை பெற்ற நாளிலும் சாட்சிக் கூண்டில் நிறுத்தப்படுகிறாள் என்றே நான் வாசிக்கிறேன். அவள் மகிழ்ந்தாளா என்பதை நற்செய்தி எழுதவில்லை.

கர்ப்பத்தின் தொடக்கத்தில் ருபெல்லா தொற்றினால் குழந்தைக்குப் பிறவிப் புரை வரலாம். அதற்கான தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் 2017இல் தொடங்கியது. காரணம் தெரிவது நல்லது, ஆனால் "நீ ஏன் ஊசி போடல?" என்று கிரகணத்தின் இடத்தில் ஊசியை வைத்தால், பழி மீண்டும் அவளிடமே வந்து சேரும்.

நற்செய்திகளில் பார்வை பெற்றதாகத் தனித்துச் சொல்லப்படுவோர் எல்லோரும் ஆண்கள். உலகில் பார்வைக் குறைபாட்டோடு வாழ்வோரில் பாதிக்கும் மேல் பெண்கள். கோவையில் அரவிந்த், சங்கரா போன்ற மருத்துவமனைகள் கிராமங்களில் முகாம் நடத்தி, இலவசமாகவே புரை அறுவை செய்கின்றன. "பால் கறக்க ஆளில்லீங், இந்த வயசுல எனக்கெதுக்குக் கண்ணு?" என்கிறார் எங்கள் அம்மாயி. வீட்டார் அதைத் தியாகம் என்கிறார்கள். பர்திமேயுவிடம் இயேசு, உனக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று முதலில் கேட்டார். அம்மாயியிடம் அப்படிக் கேட்டு, பதில் வரும்வரை அந்த மாட்டை யாராவது கறக்க வேண்டும்.