ஒதுங்க இடம் வேண்டும்

பறவைக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது: "காக்டெய்லையும் லவ் பேர்ட்ஸையும் ஒரே கூண்டில் விடலாமா?" கடைக்காரர் பின்னாலிருக்கும் பெரிய கூண்டைக் காட்டுவார். இரண்டும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருக்கும். "பாருங்க சார், ஒண்ணும் பண்ணாது." அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கூண்டில் அவை தங்கப்போவது சில நாட்கள். வாங்கிப்போகிற வீட்டில் காக்டெய்ல் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடிருக்கக்கூடும்.

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பவை பெரும்பாலும் பட்ஜிகள். பட்ஜிக்கும் காக்டெய்லுக்கும் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. மழை பெய்த இடம் தேடி அலையும் கூட்டங்கள் அவை. ஒரே நீர்நிலையில் இரண்டும் இறங்கிக் குடிக்கும். அங்கே ஒன்றை ஒன்று பிடிக்காவிட்டால் இறக்கையை விரித்தால் போதும், தகராறு முடிந்துவிடும். 1840-இல் பறவையியலாளர் ஜான் கூல்ட் உயிருள்ள பட்ஜிகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன்பின் எத்தனையோ தலைமுறைகள் கூண்டிலேயே பிறந்து வளர்ந்துவிட்டன. நிறங்கள் பெருகின, உருவம் மாறியது. விலகிப் பறந்து சமாதானம் தேடும் இயல்பு அப்படியே இருக்கிறது. அதற்கான இடத்தைத்தான் நாம் எடுத்துவிட்டோம்.

ஒரு வீட்டில் பார்த்தேன். இரண்டடிக் கூண்டு, நடுவில் ஒரே கம்பு. பட்ஜி பக்கவாட்டில் நடந்து வந்து காக்டெய்லின் கால்விரலை அலகால் தட்டியது. காக்டெய்ல் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டது. மறுபடி தட்டு. காக்டெய்ல் கொண்டையைத் தலையோடு படிய வைத்து, வாயைத் திறந்து பாம்புபோல் சீறியது. பட்ஜி ஓர் அங்குலம் பின்வாங்கி, வால் பக்கமாக வந்து ஓர் இறகைப் பிடித்து இழுத்தது. காக்டெய்ல் நகர்ந்து நகர்ந்து கம்பியோடு ஒட்டிக்கொண்டது. அதற்குமேல் நகர இடமில்லை. "ரெண்டும் நல்லா விளையாடும்" என்றார் வீட்டுக்காரர். அன்போடுதான் சொன்னார்.

எடையைப் பார்த்தால் யாரும் வேறு மாதிரிதான் கணக்குப் போடுவார்கள். பட்ஜி முப்பது, நாற்பது கிராம். காக்டெய்ல் எண்பது முதல் நூறு கிராமுக்கு மேலும் இருக்கும். ஆனாலும் வம்புக்குப் போவது பெரும்பாலும் சின்னதுதான். பட்ஜியின் உலகம் வேகமானது. அலகால் தட்டுவதும் இழுப்பதும் அதன் இனத்துக்குள் அன்றாடப் பேச்சு; இன்னொரு பட்ஜி உடனே திருப்பிக் கொடுத்துவிடும். காக்டெய்ல் நிதானமான பறவை. பொறுத்துப் பொறுத்து ஒருநாள் அது கடித்தால், பட்ஜியின் விரல் போய்விடலாம்.

காக்டெய்லிடம் நாம் படிக்கக் கொண்டையாவது இருக்கிறது. நெட்டுக்குத்தாக நின்றால் திடுக்கிட்டிருக்கிறது. பாதி சாய்ந்திருந்தால் நிம்மதி. படிந்து, சீறலும் சேர்ந்தால் பயம் அல்லது கோபம். பட்ஜியிடம் அந்த வசதியும் இல்லை. தவிர, இரண்டுமே வேட்டையாடப்படும் இனங்கள். நோயைக் கடைசிவரை மறைக்கும். நேற்றுவரை நன்றாக இருந்தது, காலையில் கூண்டின் தரையில் கிடந்தது என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! அதனால் ஒரு பறவை சத்தமில்லாமல் இருப்பதை அது ஒத்துப்போவதற்குச் சான்றாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. தின்னும் அளவு, எச்சம், வால் நுனி, யார் முதலில் தீவனக் கிண்ணத்துக்கு வருகிறார்கள் என்பது, இவைதான் நம்பத்தக்க சாட்சிகள்.

இரவும் ஒரு தனிச் சிக்கல். இருட்டில் சுவரில் ஒரு பல்லி ஓடினாலோ, தெருவில் போகும் காரின் வெளிச்சம் சட்டென்று விழுந்தாலோ, காக்டெய்ல் கண்மண் தெரியாமல் அடித்துக்கொள்ளும். வளரும் இறகு முறிந்து ரத்தம் வரும். பக்கத்தில் தூங்கும் பட்ஜியும் அதில் அடிபடும். ஒரு சின்ன இரவு விளக்கு இதைப் பெருமளவு குறைக்கும்.

முட்டையிடக் கூண்டில் பானை கட்டிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். முட்டைக்குத் தயாராகும் பெண் பட்ஜி பானைப் பக்கம் யார் வந்தாலும் பாயும். காக்டெய்லில் ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாக்கும். பட்ஜியில் அது பெண்ணின் வேலை மட்டும். குடும்பம் நடத்தும் முறையே வேறான இரண்டை மூன்று சதுர அடிக்குள் அடைத்துவிட்டு, குணம் சரியில்லை என்று பறவையைக் குறை சொல்கிறோம்.

தனியாக இருக்கிறதே, துணைக்கு என்று ஒரு பட்ஜியை வாங்கி வருபவர்களின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் காக்டெய்லுக்குத் துணை இன்னொரு காக்டெய்ல். பட்ஜிக்குப் பட்ஜி. இரண்டு இனமும் வேண்டுமென்றால் இரண்டு கூண்டு வேண்டும். புதிதாக வந்ததை ஒரு மாதமாவது வேறு அறையில் வைத்து, நோய் இல்லை என்று தெரிந்தபின் கூண்டுகளை ஒரே கூடத்தில் வைக்கலாம். ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கும். அதுவே அவற்றுக்குப் பெரிய ஆறுதல். மாலையில் மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை மூடி, நாம் கூடவே இருந்து இரண்டையும் வெளியே விடலாம். திரைச்சீலைக் கம்பியில் ஒன்றும் அலமாரி மேல் ஒன்றுமாக உட்கார்ந்தால் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டாம்.