ஓடும்போதே கொடுத்துவிடுவோம்

புதுச்சேரி முதலியார்பேட்டையில் எந்த வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே காட்சிதான். கல்யாணச் சீரில் வந்த இரண்டாவது மிக்ஸி, தெருமுனையில் மாவு பாக்கெட் கிடைக்கத் தொடங்கியதும் ஓய்வு பெற்ற கிரைண்டர், பிள்ளைகள் வெளியூர் போனபின் தேவைப்படாத பெரிய ரைஸ் குக்கர். பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. வீட்டின் தேவைதான் மாறிவிட்டது.

"இருக்கட்டும், என்றைக்காவது உதவும்" என்று ஏற்றி வைக்கிறோம். ஆனால் பரண் எதையும் காப்பாற்றுவதில்லை. நம் ஊரில் உப்புக்காற்று. பேரிங் துருப்பிடிக்கும், ரப்பர் இறுகி வெடிக்கும், ஒயரை எலி கடிக்கும். 1898-இல் தொடங்கிய ஏ.எஃப்.டி. துணி மில் 2020-இல் மூடப்பட்ட பகுதி இது. ஓடாத இயந்திரம் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாம் பரணில் ஏற்றிவைக்கும் இதே சாதனங்களை இல்லாத வீடுகளுக்குத் தர, 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியது. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் ஒரு பெண்ணின் காலைப்பொழுது எவ்வளவு கரைகிறது என்பதை ஓர் அரசே கணக்கில் எடுத்துக்கொண்டது. அப்படியானால் நம் பரணில் சும்மா கிடப்பது வெறும் சாமான் அல்ல. யாரோ ஒருவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஓய்வு.

ஆனால், கொடுப்பது வேறு, தள்ளிவிடுவது வேறு. மூடி இல்லாத ஜார், தோல் உரிந்த ஒயர், இவற்றோடு "எடுத்துக்கோம்மா" என்று வீட்டு வேலைக்கு வருபவரிடம் நீட்டினால், நம் குப்பையை அவர் வீட்டுக்கு மாற்றுகிறோம், அவ்வளவே. ஈரக்கையோடு அதைத் தொடப்போவது அவர்தான்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஓடாத மிக்ஸியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சிவப்புப் பொத்தான் இருக்கும். பாரம் கூடும்போது மோட்டார் எரியாமலிருக்க அது மின்சாரத்தைத் துண்டிக்கும். பல மிக்ஸிகளில் அதை அழுத்திவிட்டாலே போதும். இல்லாவிட்டால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், கப்ளர் உடைந்திருக்கலாம். மிக்ஸி பழுதுபார்ப்பவரிடம் சின்ன வேலை. சரிசெய்து, துடைத்து, ஒருமுறை அரைத்துப் பார்த்து, குறை ஏதும் மிச்சமிருந்தால் அதையும் சொல்லிக் கொடுப்பதுதான் பெறுபவருக்கு நாம் தரும் மரியாதை.

தேறவே தேறாது என்றால் மட்டுமே கழிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மின்கழிவு விதிகளில் 21 பொருட்கள்தான் இருந்தன. மிக்ஸிக்கு அவற்றில் இடமிருக்கவில்லை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் பட்டியலை 106 பொருட்களாக விரித்து, சமையலறைச் சாதனங்களின் மறுசுழற்சிக்கும் தயாரிப்பாளர்களைப் பொறுப்பாக்கின. தாமிரத்துக்காக ஒயரை வெட்டவெளியில் எரித்தால் எழுவது நச்சுப்புகை. அதனால் கழிக்கும் சாதனம் பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் சேர வேண்டும்.

ஒரு பொங்கலிலிருந்து மறு பொங்கல்வரை சுவிட்ச் போடாத சாதனம் நம் வீட்டுக்குத் தேவையில்லாதது. அது உழைக்கும் நிலையில் இருக்கும்போதே, தேவைப்படும் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். நாள் கடத்தினால் நம் கையில் மிஞ்சுவது கொடுப்பதற்குரிய பொருளாக இருக்காது.