கதிரும் உமிழ்நீரும் பல்லும்

வாயிலோ தொண்டையிலோ வந்த புற்றுக்குக் ‘கரண்ட்’ வைத்த பிறகு பல்லெல்லாம் கொட்டிப்போயிற்று என்று சொல்வோர் உண்டு. கதிர்வீச்சு சிகிச்சைக்கு நம் மக்கள் வைத்திருக்கும் பெயர் அது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் வளாகத்தில் பழகியோருக்கு இந்தச் சொல் புதிதன்று. பல் கொட்டிப்போயிற்று என்ற அந்தக் குறையில் உண்மை உண்டு. ஆனால் கேடு வரும் வழி வேறு.

கதிர் பல்லை நேராகச் சிதைப்பது சிறுபங்கே. பெரும்பங்கு உமிழ்நீர்ச் சுரப்பிகள் வழியாக வருகிறது. ஆறேழு வாரங்களில் 60 முதல் 70 கிரே (கதிர் அளவின் அலகு) வரை கதிர் செலுத்துவது வழக்கம். காதோரச் சுரப்பி சராசரியாக 26 கிரேயைத் தாண்டி வாங்கினால் பழைய சுரப்பு திரும்புவது அரிது. கதிரின் செறிவை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைக்கும் ஐ.எம்.ஆர்.டி. முறை அச்சுரப்பியை இயன்றவரை விலக்கிக் காக்கிறது.

நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை ஊறும் அந்த நீர் என்ன செய்கிறது? அமிலத்தைத் தணிக்கிறது, கரைந்த சுண்ணச்சத்தைப் பல்லுக்குத் திருப்பித் தருகிறது. அது வற்றினால், அமிலம் மிகுந்து வாயின் pH அளவு 5.5-க்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு வேளையும் எனாமல் கரைகிறது, ஈடுசெய்ய எதுவுமில்லை. ஆகவேதான் இந்தச் சொத்தை, வழக்கமாகச் சொத்தை விழாத கீழ் முன்பற்களையும் பிடிக்கிறது. ஈறோரம் பழுப்புக் கோடாகத் தொடங்கிப் பல்லின் கழுத்தைச் சுற்றி வளைக்கும். வலி பெரும்பாலும் இராது. ஒருநாள் இட்லி மெல்லும்போதே பல் முறியும்.

அதற்கும் ஆழத்தில் எலும்பு இருக்கிறது. கதிர் பட்ட கீழ்த்தாடையில் இரத்த ஓட்டம் குறைகிறது. அங்கே பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே இற்றுப்போகலாம். இந்த ஆபத்து ஆண்டுகள் கடந்தாலும் தீர்வதில்லை.

ஆதலால் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் சிகிச்சைக்கு முன்பே. காக்க முடியாத பல்லை எடுத்து, புண் ஆற இரண்டு, மூன்று வாரம் கிடைத்தால் நல்லது; புற்று காத்திருக்காது என்பதால் இதை முதல் நாளிலேயே கேட்டுவிட வேண்டும். பிறகு தினமும் ஃபுளோரைடு ஜெல், சர்க்கரையில் சிக்கனம், அடிக்கடி ஒரு மிடறு நீர், வாய் இறுகாமலிருக்கத் திறந்து மூடும் பயிற்சி. பத்து ஆண்டு கழித்துத் தி.நகரில் ஏதோவொரு பல் கிளினிக்குக்குப் போனாலும், நாற்காலியில் உட்காருமுன் கதிர் வாங்கிய இடத்தையும் அளவையும் காட்டும் பழைய கோப்பை எடுத்துக் காட்ட வேண்டும்.