பதிவேடும் பரிவும்

ஹடப்சர்த் தொழிற்பேட்டையில் பற்றவைப்புப் பொறி தெறிக்கக் காண்கிறோம். அக்கைகளுக்குச் சான்று கிடைத்த வழியை எண்ணுவதில்லை. 1950இல் மைய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் தேர்வெழுத 80 விழுக்காடு வருகை வேண்டும். தொழிற்பயிற்சி நிலையத்தின் துணை முதல்வர்முன் குறைவருகை மாணவன் ஒருவன் நிற்கிறான் எனக் கொள்வோம். தந்தை நோயுற்றமையால் கூலிக்குச் சென்றவன் அவன்.

சில நாட்களை இட்டு நிரப்பினால் யாருக்கு என்ன கேடு? ஏழைக்கு இரங்குவது அறமன்றோ? நம் நெஞ்சம் உடனே இப்படித்தான் கேட்கும். எழுத்தர்களாகிய நாம் கோப்பில் பிழைத்தால் மற்றொரு குறிப்பால் திருத்திக் கொள்ளலாம். (நம் தொழிலின் பெருமை அவ்வளவே!) பற்றவைத்த இணைப்பு விட்டுப்போனால் அடியில் நிற்பவன் இன்னொரு ஏழை. அவனைக் கேளாமல் அவன் உயிரையன்றோ நாம் கொடையாக வழங்குகிறோம்?

ஆயினும் விதியைக் காட்டிக் கதவடைப்பவரையும் நாம் மெச்சோம். விதி கேட்பது பதிவேட்டின் மையை அன்று; கை பழகிய நாழிகையை. மாலையிலும் பட்டறையைத் திறந்து வைத்து, விடுபட்ட பயிற்சியை உடனிருந்து செய்விக்கலாம். உள்ளதை உள்ளபடி எழுதி மேலிடத்தில் விலக்குக் கேட்கலாம். அதுவும் கிட்டாவிடின் அம்மாணவன் ஓராண்டை இழப்பான். அவ்வாண்டு அவன் வீட்டில் அடுப்பெரிவது எங்ஙனம் என்பதற்கு நம்மிடம் விடையில்லை.