வாய் தவறிய சொல்



ஒன்றைச் சொல்ல நினைத்து வேறொன்றைச் சொல்லிவிடுவது நம் எல்லோருக்கும் நேர்வதுதான். ஆங்கிலேயர் இதனை ‘ஸ்லிப் ஆஃப் தி டங்’, அதாவது நாவின் வழுக்கல் என்பர். நம் ஃபிக்ஹு நூல்கள் ‘ஸப்குல் லிஸான்’ என்கின்றன. நாக்கு முந்திக் கொள்வது என்று பொருள். இத்தகைய சொல்லுக்காக அல்லாஹுத்தஆலா நம்மைப் பிடிப்பானா?

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று ஸஹீஹ் முஸ்லிமில் காணப்படுகிறது. பாலைவனத்தில் ஒருவர் உணவும் நீரும் சுமந்த தம் ஒட்டகத்தைத் தொலைத்து விடுகிறார். நம்பிக்கையிழந்து ஒரு மரநிழலில் சாய்கிறார். திடீரென ஒட்டகம் அவரருகே நிற்கிறது! அதன் கயிற்றைப் பற்றிக் கொண்டு, இறைவனை அடிமையென்றும் தம்மை எஜமானென்றும் மாற்றிச் சொல்லி விடுகிறார். சொல்லை மட்டும் பார்த்தால் அது குஃப்ரு. ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள், மகிழ்ச்சி மிகுதியால் அவர் தவறிவிட்டார் என்றே கூறினார்கள். அடியான் தவ்பாச் செய்யும்போது அல்லாஹ் இவரைவிட அதிகம் மகிழ்வதாகவும் அருளினார்கள்.

தவறிச் செய்ததில் குற்றமில்லை, உள்ளம் வேண்டுமென்றே செய்வதில்தான் குற்றம் என்பதைத் திருமறையின் 33-வது சூரா, 5-வது ஆயத்து தெளிவாக்குகிறது. ளுஹரை மனத்தில் எண்ணி, வாய் ‘அஸர்’ என்று சொல்லிவிட்டால், தொழுகை ளுஹர்தான். நிய்யத்தின் இடம் உள்ளம். ஆகவே வீணாகக் கலங்கி, மீண்டும் மீண்டும் தக்பீர் கட்டி வஸ்வாஸுக்கு இடங்கொடுக்க வேண்டாம்.

ஆனால் விளையாட்டு வேறு, வாய் தவறுதல் வேறு. விளையாடுபவன் அச்சொல்லைத் தெரிந்தேதான் எடுக்கிறான். நிக்காஹ், தலாக், ரஜ்அத் ஆகிய மூன்றிலும் விளையாட்டும் வினையே என்று திர்மிதீயில் வந்துள்ளது. எனவே கணவன்மார் தலாக் என்னும் சொல்லை வேடிக்கைக்கும் நாவில் கொண்டுவரலாகாது. உண்மையாகவே வாய் தவறி வந்துவிட்டதென்றால், தாமே தீர்ப்புச் சொல்லிக் கொள்ளாமல் ஆலிம்களிடம் சென்று சட்டம் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மருமகளை மனமார ஏசிவிட்டு, அவள் கண் கலங்கியதும் ‘வாய் தவறி வந்துவிட்டது’ என்பார் சிலர். மெய்யாகவே தவறியவர் அந்த நொடியே திருத்திக் கொள்வார். ஏசியவரோ, பிறர் கேட்டபிறகுதான் சாக்குத் தேடுவார். மனிதரிடம் அந்தச் சாக்கு செல்லலாம்; உள்ளத்தை அறிந்தவனிடம் செல்லுமா? ஏசியவர் அவளிடமே மன்னிப்புக் கேட்கட்டும்.

நாவையும் நெஞ்சையும் ஒருசேரப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.