நோயாளியின் கட்டிலருகே நிற்பவருக்கு ஜும்ஆ கடமையா?

 



நம் வாலிபர்களில் சிலர் இந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வார்டுகளில் டியூட்டியில் இருக்கிறார்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தனியார் ஆஸ்பத்திரிகள், பெங்களூர் என்று பல இடங்களில் வேலை பார்க்கிறார்கள். அட்டெண்டர், வார்டு பாய், ஆயாம்மா என்று நாம் கூப்பிடுகிறோமே, அந்த வேலை. இவர்களைப் பற்றி இரண்டு பேச்சுகள் நம்மிடம் இருக்கின்றன. "டியூட்டி என்று சொல்லி ஜும்ஆவுக்கே வருவதில்லை" என்பது ஒன்று. சம்பந்தம் பேசும்போது, "மூத்திரமும் மலமும் அள்ளுகிற வேலை, வேண்டாம்" என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் மார்க்கத்தின் தராசில் வைத்துப் பார்ப்போம்.

பலவீனத்திலிருந்து பலவீனத்திற்கு

மனிதனைப் பலவீனத்தில் படைத்து, பிறகு பலத்தைக் கொடுத்து, அந்தப் பலத்திற்குப் பின் மீண்டும் பலவீனத்தையும் நரையையும் கொடுப்பதாக சூரா ரூமில் அல்லாஹ் சொல்கிறான். தள்ளாத வயதின் இழிநிலையிலிருந்து நபி (ஸல்) அவர்களே பாதுகாப்புத் தேடியிருக்கிறார்கள். பெற்றோர் முதுமையை அடைந்துவிட்டால் அவர்களிடம் "சீ" என்றுகூடச் சொல்லக் கூடாது என்று சூரா பனீ இஸ்ராயீலில் தடை வருகிறது. முதுமையை ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? "சீ" என்ற சொல் வாயில் வரக்கூடிய காலம் அதுதான். படுக்கை நனையும். சொன்னதையே பத்து முறை சொல்வார்கள். ராத்திரி எழுந்து உட்கார்ந்து, "இது எந்த இடம்? என்னை வீட்டுக்குக் கூட்டிப் போ" என்று அழுவார்கள்.

அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் யார்? டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போவார். நர்ஸம்மா ஊசி போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். எழுந்திருக்க முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் முதுகிலும் இடுப்பிலும் குதிகாலிலும் படுக்கைப்புண் வந்துவிடும். கஞ்சியைப் படுத்த நிலையில் ஊட்டினால் புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடலாம். நிமிர்த்தி உட்கார வைத்து, ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய் கொடுக்க வேண்டும். பல்செட்டும் கண்ணாடியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பாத்ரூமுக்குத் தனியாக நடந்து விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். பிறகு பலர் எழுந்து நடப்பதே இல்லை. மருந்து வேலை செய்ய வேண்டுமானால் இந்த வேலைகள் நடந்தாக வேண்டும். இதைத்தான் நாம் மட்டமான வேலை என்கிறோம்!

ஜும்ஆவும் நோயாளியும்

இனி முதல் கேள்விக்கு வருவோம். புகாரியில் ஒரு செய்தி இருக்கிறது. பத்ருப் போரில் கலந்துகொண்டவர்களில் ஒருவராக எண்ணப்படும் ஸயீத் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை நோயுற்றார்கள். செய்தி எட்டியபோது பொழுது நன்றாக ஏறி, ஜும்ஆ நேரம் நெருங்கியிருந்தது. இப்னு உமர் (ரலி) அவர்கள் ஜும்ஆவை விட்டுவிட்டு வாகனத்தில் ஏறி அவரிடம் போனார்கள். சுன்னத்தைப் பின்பற்றுவதில் இப்னு உமரை மிஞ்சியவர் யார்? அவர்களே போனார்கள்!

நோயாளியைக் கவனிக்க வேறு ஆள் இல்லை, இவர் நகர்ந்தால் நோயாளிக்குக் கேடு வரும் என்ற நிலையில் ஜும்ஆ அவர் மீது கடமையில்லை என்று ஃபுகஹாக்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் நான்கு ரக்அத் ளுஹர் தொழுதுகொள்வார். ஆனால் வாலிபர்களே, இதைச் சாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு மணி நேரத்திற்கு வேறொருவர் நிற்க முடியுமென்றால் பள்ளிக்கு வந்தாக வேண்டும். உங்களுடன் வேலை செய்யும் இந்துச் சகோதரரிடம் டியூட்டியை மாற்றிக் கேளுங்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவருடைய டியூட்டியை நீங்கள் பாருங்கள்.

பத்ரில் இல்லாத பத்ருவாசி

இரண்டாவது பேச்சுக்கு உஸ்மான் (ரலி) அவர்களின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது. பத்ருப் போருக்கு எல்லோரும் புறப்பட்டபோது அவர்களின் மனைவி, நபி (ஸல்) அவர்களின் மகளார் ருகைய்யா (ரலி) அவர்கள் நோயில் படுத்திருந்தார்கள். உடனிருந்து கவனிக்கும்படி உஸ்மானை நபியவர்கள் மதீனாவிலேயே நிறுத்தினார்கள். பத்ரில் கலந்துகொண்டவரின் நன்மையும் பங்கும் அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள். களத்தில் வாள் ஏந்தியவருக்கும் கட்டிலருகே தண்ணீர் ஏந்தியவருக்கும் ஒரே பங்கு!

அகழ்ப்போரில் காயமடைந்த ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்குப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கப்பட்டது. காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்த ருஃபைதா (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணியின் பெயரை வரலாறு பாதுகாத்து வைத்திருக்கிறது. உம்மு அதிய்யா (ரலி) ஏழு போர்களுக்குச் சென்று நோயாளிகளைக் கவனித்தார்கள். இவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்கு வைக்க ஆசைப்படுகிற நாம், இவர்கள் செய்த வேலையைச் செய்பவருக்குப் பெண் கொடுக்கத் தயங்குவது நியாயமா?

பணியில் இருப்பவர்களுக்கு

சில மஸ்அலாக்களையும் தெரிந்துகொள்ளுங்கள். நோயாளியின் மலமோ சிறுநீரோ உங்கள் மேல் பட்டால் ஒளு முறியாது. பட்ட இடத்தையும் துணியையும் கழுவிவிட்டுத் தொழலாம். பிறரின் மர்ம உறுப்பை வெறும் உள்ளங்கையால் தொட்டால் ஷாஃபிஈ மத்ஹபில் ஒளு முறியும். கையுறை இருந்தால் முறியாது. ஹனஃபி மத்ஹபில் தொடுவதால் ஒளு முறிவதில்லை. சுத்தம் செய்யும்போது தேவையான அளவு மட்டும் திறந்து, மற்றதை மூடுங்கள், திரையை இழுத்துவிடுங்கள். வயதானவருக்கும் வெட்கம் உண்டு. வார்டில் பார்த்ததை வெளியே பேசாதீர்கள், அது அமானிதம். கட்டிலில் இருப்பவர் எந்த மதம், எந்தச் சாதி என்று பார்க்காதீர்கள். தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவர் நோயுற்றபோது நபி (ஸல்) அவர்கள் அவரைத் தேடிப் போய் நலம் விசாரித்தார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

சகோதரர்களே, அட்டெண்டர் இருக்கிறார் என்பதால் பிள்ளையின் கடமை நீங்கிவிடாது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகிறோம். பணம் அனுப்புவது நல்லதுதான். ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் அத்தாவின் கண் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கைவிடப்பட்ட பெற்றோர் கோட்டாட்சியரிடம் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2007-ல் நாட்டில் சட்டமே போட வேண்டி வந்தது. 2004 வரை நம் மாவட்டமாக இருந்த கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருகிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டிலேயே கிடைக்கின்றன. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இது கிடைக்கிறதா? விசாரித்து வாங்கிக் கொடுங்கள்.

நம் மஹல்லாவில் யாராவது துணையில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்தால் ஜமாஅத்தில் சொல்லுங்கள். முறை வைத்துப் போய் உட்காருவோம். நோயாளியை நலம் விசாரிக்கப் போகிறவருக்காக எழுபதாயிரம் மலக்குகள் துஆ செய்கிறார்கள் என்று திர்மிதியில் வருகிறது.

யா அல்லாஹ்! நோயுற்றவர்களுக்கு ஷிஃபாவைத் தருவாயாக! அவர்களைத் தூக்கிப் பிடிக்கும் கைகளுக்கு பரக்கத் செய்வாயாக! நாங்கள் தளர்ந்து விழும் நாளில், முகம் சுளிக்காத ஒரு கையை எங்களுக்கும் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.